திருகோணமலையின் அரும்பொருள்கள்: இருப்பும் இடமும்

நூதனசாலை என்பது பழம்பொருள்களைத் திரட்டிவைத்துக் காப்பதோர் இடம் என்றே பலர் கருதுவர். அக்கருத்துத் தவறன்று; எனினும் நிறைவுடையதுமன்று. ஒரு பொருளை அது தோன்றிய சூழலினின்றும் பெயர்த்து வேறோரிடத்தில் நிறுத்துங்கால், அப்பொருள் மட்டுமன்றி அதனை நோக்கும் நோக்கும் இடம்பெயர்கின்றது. கோயிலின்கண் தெய்வமாய் நின்றது கண்ணாடிப் பேழையினுள் கலைப்பொருளாகின்றது. மண்டபத்தைத் தாங்கிய தூண் கோட்டையினுள் வேறொரு மொழிச் சாசனத்தைத் தாங்குங் கல்லாகின்றது. ஆதலின், ஒரு நகரின் நூதனசாலைகளை ஆராயப் புகுவோர் ஆங்கு உள்ளவை யாவை என வினாவுவதோடு அமைதல் சாலாது. ஆங்கு இல்லாதவை யாவை, அவை எங்குள்ளன, எவ்வாறு அங்குச் சென்றன என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். இவ்வினாக்களுக்குத் திருகோணமலையைப் போன்று தெளிவாக விடை தரும் நகரம் ஈழத்தில் மிக அரிது.

மதில் சூழ்ந்த நகரங்கள் ஈழத்திற் சிலவுள. அவற்றுட் காலிக் கோட்டை பெயர்பெற்றது. 1988ஆம் ஆண்டில் உலக மரபுரிமை வரிசையிற் சேர்க்கப்பட்டது. ஆங்கு மதிலினுள்ளே தெருக்களும் வீடுகளும் வழிபாட்டிடங்களும் நூதனசாலைகளும் உள்ளன. மக்கள் இன்றும் வாழ்கின்றனர். திருகோணமலையின் நிலை வேறு. இங்கு மதில் நகரைச் சூழ்ந்ததன்று. கடலுள் நீண்டு கிடக்கும் மலைமுனையின் கழுத்தினை அறுப்பது போலக் குறுக்கே எழுந்தது. நகரம் மதிலுக்கு வெளியே நிற்க, மதிலுக்குள்ளே அகப்பட்டது கோணமாமலை. காலியின் மதில் ஊரைக் காத்தது எனின், திருகோணமலையின் மதில் ஊரினின்றும் அதன் கோயில் மலையைப் பிரித்தது எனலாம். இவ்வேறுபாட்டினை உளங்கொண்டே இந்நகரின் அரும்பொருள்களைக் காணுதல் தகும்.

திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிற் பதிகம் பாடிய தலம் இது. அருணகிரிநாதரின் திருப்புகழும் இத்தலத்துக்கு உண்டு. 1620களிற் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா என்பான் மலைமேலிருந்த கோயிலை இடித்துக் கோட்டை கட்டினான். மலையடியிலும் இடையிலும் உச்சியிலுமாக மூன்று கோயில்கள் இருந்தன எனக் குவேறோசு பாதிரியார் எழுதிய வரலாறு கூறும். இடித்த கல்லே கட்டிய மதிலுக்கும் பயன்பட்டது. ஆகவே பிரடெரிக் கோட்டை என இன்று வழங்கும் அக்கோட்டையின் சுவரே திருகோணமலையின் முதலாவது காட்சிப்பொருள் எனின் அது மிகையாகாது. நுழைவுச் சீட்டும் விளக்கப் பலகையும் இல்லாத நூதனசாலை அது. அடுக்கியோன் காட்டும் நோக்கமின்றி அடுக்கியது. எனினும் காண வல்லார்க்குப் பலவற்றைக் காட்டுவது.

கோட்டை வாயிலைக் கடப்போர் அதன் பக்கக் கல்லிற் பொறித்த தமிழெழுத்துக்களைக் காணலாம். குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னாளிற் பறங்கியர் அழிப்பர் என்னும் கருத்தமைந்த பாடலொன்றின் பகுதி அது. அப்பாடலின் முழுவடிவம் எனக் கருதப்படுவது செவிவழியாக மக்களிடையே வழங்கிவர, கல்லில் எஞ்சியவை சிதைந்த சில சொற்களே. அவ்வாயிலில் இணைக்கயல் உருவமும் உண்டு. பாண்டியரின் இலச்சினையாகிய அதனைக் காண்போர்க்குப் புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள குடுமியான்மலைக் கல்வெட்டு நினைவுக்கு வரும். பதின்மூன்றாம் நூற்றாண்டிற் சடாவர்மன் வீரபாண்டியன் ஈழத்தின்மேற் படையெடுத்துக் கோணமலையில் இணைக்கயல் பொறித்த செய்தியை அக்கல்வெட்டுக் கூறுகின்றது. கடலுக்கு அப்பால் ஒரு மலையிற் பொறித்த செய்தியும், கடலுக்கு இப்பால் ஒரு வாயிலில் நிற்கும் சின்னமும் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. இவ்விரண்டையும் இணைத்துக் காட்டும் சிறு குறிப்பேனும் வாயிலருகே இருப்பின், அவ்வழியே நாள்தோறும் கோயிலுக்குச் செல்லும் ஆயிரவர் அதனை அறிந்துகொள்வர்.

கோட்டையினுட் கிடைத்த பிறிதொரு சாசனமும் குறிப்பிடத்தக்கது. கிரந்த எழுத்திற் பொறித்த வடமொழிச் சாசனமாகிய அது, சகம் 1145, அஃதாவது கி.பி. 1223ஆம் ஆண்டிற் சோடகங்கதேவன் என்பான் கோகர்ணத்துக்கு வந்த செய்தியைச் சொல்வது. கோகர்ணம் என்பது திருகோணமலைக்கு வழங்கிய பழம்பெயர். கோணேசர் கல்வெட்டு முதலாய நூல்கள் குளக்கோட்டனைப் பற்றிக் கூறுவனவற்றை வரலாறாகக் கொள்ளுவதற்கு ஆய்வாளர் துணைதேடியபோது, இச்சாசனமே அவர்களிற் பலருக்குக் கைகொடுத்தது. புராணமும் சாசனமும் சந்திக்கும் இத்தகைய இடங்களிலேதான் நூதனசாலையின் பணி தொடங்குகின்றது. புராணத்தை மெய்யெனச் சாதித்தலும் அதன் பணியன்று; பொய்யெனத் தள்ளுதலும் அதன் பணியன்று. சான்று எது, நம்பிக்கை எது, இரண்டும் தொடுமிடம் எது எனப் பகுத்துக் காட்டுதலே அதன் கடமையாம்.

மலையுச்சிக்கு அண்மையில் நிற்கும் ஒரு தூண் இன்னும் நுண்ணிய பாடத்தைத் தருகின்றது. பழைய கோயிலுக்குரியதெனக் கருதப்படும் அத்தூணில் 1687ஆம் ஆண்டு குறித்த ஒல்லாந்த மொழிச் சாசனமொன்று காணப்படுகின்றது. பிரான்சினா வான் றீட் என்னும் பெண்ணின் பெயர் அதில் உளது. காதலனைப் பிரிந்த துயரால் அவள் மலையினின்றும் கடலிற் பாய்ந்தாள் என்னும் கதை வழிகாட்டுவோர் வாயிலும் பயண நூல்களிலும் பெருவழக்காகியுள்ளது. கதை இனியது, ஆயின் அதனைச் சொல்லுவோர் தூணின் வரலாற்றைச் சொல்லாது விடுகின்றனர். எக்கோயிலின் தூண், எம்மண்டபத்தைத் தாங்கியது, யார் செதுக்கியது என்னும் வினாக்கள் காதற்கதையின் கீழ் மறைகின்றன. எழுதப்பட்ட சில வரிகள் அவற்றைத் தாங்கும் கல்லினையே மறைத்துவிடுதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இனி மலையினின்றும் இறங்கித் துறைமுகத்தை நோக்குதல் தகும். இத்துறைமுகம் உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. அச்சிறப்பே அதற்குத் துன்பமுமாயிற்று. 1639இல் ஒல்லாந்தர் கண்டி மன்னனின் துணையோடு போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைக் கைப்பற்றினர். 1665இல் மீண்டும் வந்தமர்ந்தனர். 1672இற் பிரான்சியர் குடாவினுள் நுழைந்தனர். 1782ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் பிடித்தனர். அவ்வாண்டு முடியுமுன்னரே பிரான்சியத் தளபதி சுவ்றேன் அதனை அவர்களிடமிருந்து பறித்தான். பின்னர் ஒல்லாந்தர் கைக்கு மீண்ட கோட்டை 1795இல் ஆங்கிலேயர் வசமாகி, 1803இல் யோர்க் கோமகனின் பெயரைப் பெற்றது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மீது குண்டு வீசின. 1957இற் கடற்படைத் தளம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. இவ்வாறு கைமாறிய வரலாறே துறைமுகத்தின் வரலாறு எனச் சொல்லப்பட்டு வருகின்றது.

நகரின் பெயர்பெற்ற காட்சிக்கூடங்கள் இவ்வரலாற்றினையே தமக்குப் பொருளாகக் கொண்டுள்ளன. உட்துறைமுக வீதியில், ஒல்லாந்தர் காலத்துக் கடற்படை ஆணையாளர் இல்லம் என அறியப்படும் பழைய கட்டடம் நெதர்லாந்து அரசின் உதவியோடு திருத்தப்பட்டு, 2013ஆம் ஆண்டு முதற் கடல்சார், கடற்படை வரலாற்று அருங்காட்சியகமாக விளங்குகின்றது. கட்டடத்தைக் காத்தமை போற்றற்குரியது. ஒல்லாந்தரின் இல்லம் ஆதலின் அதனை இடித்தெறிதல் வேண்டும் என எண்ணுவது போர்த்துக்கேயன் மலைமேற் செய்த செயலுக்கு ஒப்பானதாகும். தடித்த சுவரும் அகன்ற விறாந்தையும் கொண்ட அவ்வில்லம் தானே ஓர் அரும்பொருளாம். வெப்ப நாட்டிற் குடியேறிய மேலைநாட்டார் காற்றையும் நிழலையும் எவ்வாறு கட்டடத்துள் வரவழைத்தனர் என்பதை அது தெளிவாகக் காட்டுகின்றது.

இரண்டாவது காட்சிக்கூடம் ஒஸ்ரன்பேர்க்குக் கோட்டை இருந்த மேட்டில், கடற்படைத் தளத்தினுள்ளே அமைந்தது. பிரித்தானியக் கடற்படைத் தளபதி ஹூட் என்பாரின் பெயரால் அஃது ஹூட் கோபுர அருங்காட்சியகம் என வழங்குகின்றது. பீரங்கிகளும் படைக்கலங்களும் கடற்கலங்களும் ஆங்கு வைக்கப்பட்டுள்ளன. 1983 தொடக்கம் 2009 வரை நிகழ்ந்த போரிற் கைப்பற்றப்பட்டவையும் அவற்றுட் சேரும். அம்மேட்டினின்று நோக்குவார்க்குத் துறைமுகம் முழுவதும் ஒரே பார்வையில் விரியும். காட்சியின் அழகு சொல்லுந் தரத்ததன்று. ஆயின் அது காவற்காரன் நின்று பார்த்த இடம். வருவது நட்போ பகையோ எனக் கணித்த இடம். அவ்விடத்தினின்று காண்போர்க்குத் துறைமுகம் காக்கவேண்டிய பொருளாகவே தோன்றும். வாழ்ந்த இடமாகத் தோன்றாது.

இவ்விரு காட்சிக்கூடங்களின் மேலும் குற்றஞ் சுமத்துதல் நேர்மையன்று. கடற்படையின் காட்சிக்கூடம் கடற்படையின் கதையைச் சொல்லுதல் இயல்பே; அதன் பெயரே அதன் எல்லையையும் உணர்த்திவிடுகின்றது. குறை யாதெனின், நகரத்தின் வரலாற்றைக் காணவரும் மாணவனும் அயலூரானும் இவ்வெல்லையையே நகரத்தின் எல்லையாகக் கொண்டு மீளுதலாம். துறைமுகத்தைப் பிடித்தவர்களின் பெயர் அவனுக்குத் தெரியும். துறைமுகத்திற் பிழைத்தவர்களின் பெயர் தெரியாது. பீரங்கியின் அளவை அவன் குறித்துக்கொள்வான். தோணியின் அமைப்பை அறியான். கடல் என்பது படை நடந்த வழி மட்டுமன்று. வாணிகமும் மொழியும் சமயமும் நடந்த வழியுமாம்.

அவ்வழிக்குச் சான்றுகள் இல்லாமலில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவிற் பொறிப்பித்த தமிழ்ச் சாசனம், ஊர்காவற்றுறைக்கு வரும் மரக்கலங்கள் உடையுமாயின் எவ்வாறு பங்கிடல் வேண்டும் என விதிக்கின்றது: யானையும் குதிரையும் கொணர்ந்த கலமாயின் நாலிலொன்று பண்டாரத்துக்கு, வாணிகப் பண்டங் கொணர்ந்த கலமாயிற் பாதி பண்டாரத்துக்கு. சிங்கள மன்னனொருவன் கடல் வாணிகர்க்குத் தமிழிற் சட்டம் வகுத்தான் என்னும் இவ்வொரு செய்தியே இந்து சமுத்திரத்தின் வரலாற்றை வேறொரு கோணத்தினின்று காட்டவல்லது. காலியில் 1911இற் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிச் சாசனமும் அத்தகையதே. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்லிற் சீனமும் தமிழும் பாரசீகமும் அருகருகே நிற்கின்றன. தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாரைப் போற்றுகின்றது. சீனக் கப்பற்படைத் தலைவன் கொணர்ந்த அக்கல், வடிகாலொன்றின் மூடுகல்லாகக் கிடந்து, இன்று கொழும்பு நூதனசாலையில் உள்ளது. அண்மைக் காலத்துக்கு வரின், வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறையை அடைந்தது. கடல்சார் நூதனசாலை எனப் பெயர் பூண்டதொன்றில் இவை பீரங்கிகளோடு சமமாய் நிற்றற்குரியன.

கலைப்பொருள்களின் நிலையை ஆராயுங்கால், இவ்வட்டாரத்தோடும் அதனை அடுத்த பகுதியோடும் தொடர்புடைய வெண்கலத் திருவுருவங்களின் ஊழ் மூவகைப்பட்டதாய்த் தோன்றுகின்றது. முதலாவது, கடல் கடந்தது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட பகுதியிற் கிடைத்ததெனக் கூறப்படும் தாராதேவியின் திருவுருவம் அது. எட்டாம் நூற்றாண்டினதெனக் கருதப்படுவது; பொன்முலாம் பூசியது; 143 சதமமீற்றர் உயரமுடையது. தேசாதிபதியாயிருந்த றொபேட் பிறவுண்றிக் அதனை 1830இற் பிரித்தானிய நூதனசாலைக்குக் கொடுத்தார். வலக்கை வரந்தரும் நிலையில் நீண்டிருக்க, இடக்கை தான் ஏந்திய பொருளை இழந்து வெறிதே நிற்கின்றது. உயர்ந்த சடைமுடியின் நடுவே ஒரு வெற்றுக்குழி உண்டு. அதிற் சிறு புத்தருருவம் அமர்ந்திருத்தல் கூடும் என்பர். மேலாடையின்றி நின்ற அவ்வருட்கோலத்தை அக்காலத்து இலண்டன் மாந்தர் பொதுமக்கள் பார்வைக்கு ஒவ்வாததெனக் கருதி, ஏறக்குறைய முப்பதாண்டு ஆய்வாளர்க்கன்றிப் பிறர்க்குக் காட்டாது வைத்திருந்தனர். தெய்வமாகவும் அதனை அவர்கள் காணவில்லை. கலையாகவும் முதலிற் காணவில்லை. நாணத்துக்குரிய பொருளாகவே கண்டனர். இடம்பெயர்ந்த பொருளோடு நோக்கும் இடம்பெயர்கின்றது என்பதற்கு இஃது ஒரு சான்று.

இரண்டாவது, தலைநகர் சென்றது. பொலனறுவைச் சிவாலயங்களில் 1907, 1908ஆம் ஆண்டுகளிற் பெல் என்னும் தொல்பொருளறிஞரின் அகழ்வினால் வெளிப்பட்ட நடராசர் முதலாய திருமேனிகள் கொழும்பு நூதனசாலையை அடைந்தன. 1877இல் தேசாதிபதி கிறெகரியின் முயற்சியாற் திறக்கப்பட்ட அந்நூதனசாலையிலே அவை கலையுலகின் கண்ணிற்பட்டன. ஆனந்த குமாரசுவாமி 1914இல் வெளியிட்ட ஈழத்து வெண்கலங்கள் பற்றிய நூல், பெரும்பாலும் அந்நூதனசாலையின் தொகுதியை அடிப்படையாகக் கொண்டது. அத்திருமேனிகள் ஆங்கு இல்லாவிடின் அந்நூலும் இல்லை. ஈழத்துச் சைவத் திருமேனிகளின் வனப்பை உலகம் அன்று அறிந்திருத்தலும் இல்லை. கண்ணாடிப் பேழையை இகழ்வோர் இவ்வுதவியை மறத்தலாகாது.

மூன்றாவது, வீடு திரும்பியது. 1950இல் திருகோணமலையிற் கிணறு தோண்டிய தொழிலாளர் மண்ணினுட் புதைந்திருந்த செப்புத் திருமேனிகளைக் கண்டனர். சோமாஸ்கந்தரும் சந்திரசேகரரும் அம்மையும் பிள்ளையாரும் வெளிவந்தனர். கோயில் இடிபடுமுன் அவற்றைக் காத்தற்பொருட்டு அடியார் புதைத்தனர் எனக் கொள்ளுதல் பொருந்தும். முந்நூறு ஆண்டுக்கு மேலாக மண்ணுள் இருந்தும் அவை பெரிதும் பழுதுறவில்லை. பாலேந்திரா அவர்கள், தனிநாயக அடிகள் நடத்திய ஆங்கில ஆராய்ச்சி இதழில் 1953இல் அவற்றைப் பற்றி எழுதி அறிஞருலகிற்கு அறிமுகஞ் செய்தார். ஆயின் அவை நூதனசாலைக்குச் சென்றில. ஊர்மக்கள் வீதிகளில் எழுந்தருளச்செய்து வழிபட்டனர். மலையுச்சியிற் கோயில் மீண்டும் எழுந்தது. 1963இற் கும்பாபிடேகம் நிகழ்ந்தது. கலைவரலாற்றில் இடம்பெறத்தக்க அத்திருமேனிகள் இன்றும் பூவும் பட்டும் அணிந்து, விளக்கொளியில், விழா நாட்களில் உலா வருகின்றன.

இம்மூவகை ஊழினுள் எது தக்கது? வினா எளிதெனத் தோன்றினும் விடை எளிதன்று. உலாத் திருமேனி என்பது காண்பதற்கு மட்டும் வார்க்கப்பட்டதன்று. நீராட்டவும் உடுத்தவும் சுமக்கவும் வார்க்கப்பட்டது. பீடத்திலுள்ள துளைகளும் வளையங்களும் தண்டு கோத்துத் தோளில் ஏற்றுதற்கென அமைந்தவை. தூக்காது நிறுத்திய உலாத் திருமேனி, பாடாது மூடிவைத்த ஏடு போன்றது. அதன் பொருளில் ஒரு பாதி அசைவிலுளது. இவ்வகையில் நோக்குங்கால் 1950இல் திருகோணமலை மக்கள் செய்த முடிவு பக்தியால் மட்டுமன்றிக் கலையறிவாலும் சரியான முடிவே எனல் வேண்டும்.

எனினும் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. பட்டும் மாலையும் அணிந்த திருமேனியின் வார்ப்பு வனப்பைக் காண்டல் அரிது. நாள்தோறும் நிகழும் அபிடேகமும் துலக்கலும் நூற்றாண்டுகளிற் கண்ணையும் மூக்கையும் தேய்த்துவிடும். தமிழகத்துப் பழந்திருமேனிகள் பலவற்றில் இதனைக் காணலாம். களவும் ஒரு பேரிடர். தஞ்சை மாவட்டத்துச் சிவபுரத்து நடராசர் திருத்தப் பணிக்கென வெளியே சென்றபோது மாற்றுருவொன்று கோயிலுக்கு வந்துசேர, மூலத்திருமேனி அமெரிக்காவுக்கு விற்கப்பட்டது. நீண்ட வழக்கின்பின் 1980களிலேயே மீண்டது. பத்தூர் நடராசரும் இலண்டன் நீதிமன்றத்தில் வழக்காடியே 1991இல் நாடு திரும்பினார். நம்பிக்கை மட்டும் காவலாகாது. அளவும் படமும் குறிப்பும் கொண்ட ஏடு வேண்டும். அதனைத் தரவல்லது நூதனசாலைக் கல்வியே.

எனவே கோயிலோ நூதனசாலையோ என இரண்டில் ஒன்றைத் தெரிதல் இவ்வினாவுக்கு விடையன்று. திருமேனி கோயிலில் இருக்க, அதனைப் பற்றிய அறிவு நூதனசாலையில் இருத்தல் கூடும். நல்ல நிழற்படங்கள், அளவுகள், வார்ப்புமுறை விளக்கம், கண்டெடுத்த வரலாறு ஆகியவற்றைக் கொண்ட ஓர் அறை துறைமுக வீதியில் அமையுமாயின், காலையிற் கோயிலில் வணங்கிய மாணவன் மாலையில் அவ்வறையில் அதே திருமேனியின் தோள்வளைவையும் விரல்நுனியையும் நோக்கிக் கற்றுக்கொள்வான். வணக்கம் அறிவைக் கெடுப்பதன்று. அறிவு வணக்கத்தைக் குறைப்பதுமன்று. இரண்டும் ஒன்றையொன்று அஞ்சி விலகி நின்றமையே இந்நாள்வரை நேர்ந்த இழப்பாகும்.

அவ்வறை ஒரு சமயத்தாரின் அறையாக மட்டும் அமைதல் கூடாது என்பதும் வற்புறுத்தற்குரியது. திருகோணமலை நகருக்கு வடமேற்கே, பெரியகுளத்துக்கு அண்மையில் வெல்கம் விகாரை உளது. சோழர் ஆட்சிக்காலத்தில் அது இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்றது. தமிழர் அப்பௌத்தப் பள்ளிக்கு விளக்கும் பசுவும் பொன்னும் கொடுத்த செய்தியைத் தமிழ்க் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. சைவரான சோழரின் பெயரைத் தாங்கிய பௌத்தப் பள்ளி. பௌத்தப் பள்ளிக்குத் தமிழிற் பொறித்த கொடைக் கல்வெட்டு. இன்றைய எல்லைக் கோடுகளைப் பழங்காலத்தின்மேல் இழுத்துப் பார்ப்போர்க்கு இவை விளங்கா. கோணேசர் கோயிற் சோமாஸ்கந்தரும், இலண்டனிலுள்ள தாராதேவியும், வெல்கம் விகாரைக் கல்வெட்டும், பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனமும் ஒரே சுவரில் அடுத்தடுத்து விளக்கப்படுமாயின், பழம்பொருளை வழக்குக்குச் சான்றாக மட்டும் தேடும் மனநிலை தளரும். ஒருசாரார் பெருமைக்கென மட்டும் அமையும் காட்சிக்கூடம், யார் அமைப்பினும், கோட்டை மதிலின் வேறொரு வடிவமே.

இல்லாத பொருளைக் காட்டுதல் எவ்வாறு எனச் சிலர் வினாவுவர். அதற்கும் வழியுண்டு. மலையடியிற் கடலினுள்ளே இடிந்த கோயிலின் தூண்களும் செதுக்குக் கற்களும் கிடக்கின்றன. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுழியோடிக் கண்டனர்; 1957இல் வெளிவந்த நூலிற் கிளார்க் அவற்றைப் பற்றி எழுதினார். அவற்றின் நீரடிப் படங்களை மேலே ஒரு சுவரில் வைத்தல் அரிதன்று. தாராதேவியின் மாற்றுருவொன்றை வார்த்து நிறுத்தலாம். மும்மொழிச் சாசனத்தினதும் நயினாதீவுச் சாசனத்தினதும் படிகளை எடுத்து வைக்கலாம். ஒவ்வொன்றன் அடியிலும், மூலப்பொருள் எங்குளது, எவ்வாண்டு எவர் வழியாக அங்குச் சென்றது என எழுதிவைத்தல் வேண்டும். அவ்வெழுத்தே காட்சியின் உயிர்.

அவ்வாறு எழுதிவைத்தல் வெறும் ஆறுதலும் அன்று. 1765இற் கண்டியினின்றும் ஒல்லாந்தர் கவர்ந்து சென்ற அணிசெய் பீரங்கி முதலாய ஆறு பொருள்களை நெதர்லாந்து அரசு 2023இல் இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தது. இருநூற்றைம்பது ஆண்டுக்குமேல் அயலிருந்த பொருள் மீண்டமைக்கு, அதன் பயணத்தை ஆவணங்களிற் தேடி ஆய்ந்த இருநாட்டறிஞரின் உழைப்புத் துணைநின்றது. எப்பொருள், எங்கிருந்து, எவர் கையால் என்னும் குறிப்பு இல்லாவிடத்து உரிமை பேசுதற்கும் நாவெழாது. குறிப்பெழுதுவோன் செய்யும் சிறுபணி, அவன் பேரனின் காலத்திற் பெரும்பயன் தருதலும் உண்டு.

இப்பணிக்குப் பெரும்பொருளும் பெருமாளிகையும் முதலில் வேண்டுவதில்லை. கோட்டை வாயிற் கல்லின் எழுத்தைக் கூர்ந்து நோக்கிப் படியெடுக்கும் மாணவர் சிலர், ஊரில் எஞ்சியுள்ள தோணித் தொழிலாளரிடம் சென்று பாயின் பெயரையும் கட்டின் பெயரையும் கேட்டெழுதும் மாணவர் சிலர், கோயில் அறங்காவலரின் இசைவோடு திருமேனிகளின் வரலாற்றைத் தொகுக்கும் ஆசிரியர் ஒருவர் இருப்பின், தொடக்கம் செய்தாயிற்று. கல்லூரிகள் ஆண்டுதோறும் மாணவரைச் சுற்றுலாவாகக் கோணமலைக்கு அழைத்துச் செல்கின்றன. அவர்கள் மலையேறி, வணங்கி, இராவணன் வெட்டினை எட்டிப்பார்த்து, கடற்காற்று வாங்கி மீள்கின்றனர். வாயிலில் ஒருகாற் நின்று அக்கல்லைப் படிக்கும்படி அவர்களுக்குச் சொல்லுவார் இருப்பின், அச்சுற்றுலா கல்வியாகும்.

நூதனசாலை என்பதற்கு மேலைநாட்டார் வழங்கும் சொல், கிரேக்கர் தம் கலைத்தெய்வங்களுக்கு அமைத்த இருக்கையைக் குறித்த சொல்லினின்றும் பிறந்தது. கோயிலாய்த் தோன்றிய சொல் காலப்போக்கிற் காட்சிக்கூடத்தைக் குறித்தது. திருகோணமலையிலோ கோயில் கோட்டையாயிற்று. கோட்டையினுள் மீண்டும் கோயில் எழுந்தது. இடைப்பட்ட காலத்துக் கதையைச் சொல்லவேண்டிய இருக்கை இன்னும் நிறைவாக அமையவில்லை. அஃது அமையும்வரை, வாயிற்கல்லில் எஞ்சிய சில சொற்களே அந்நகரின் நூதனசாலை. அவற்றைக் கடந்து செல்லும் ஒவ்வொருவரும் அதன் காவலர்.